சளி மாத்திரை வாங்குகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

"அண்ணே, சளிக்கு ஒரு செட் குடுங்க."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மருந்துக் கடை கவுண்ட்டரில் நிற்கிறவனுக்கு இது ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது காதில் விழும். பல வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டும் என்றும் தோன்றாது. காய்ச்சல், சளி, தும்மல், மூக்கடைப்புக்கு நாமாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்துகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். அவசரமென்றால் பாராசிட்டமால் கணக்கையும் குழந்தைகள் பகுதியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. செட் வாங்காதீர்கள்

செட் என்றால் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த மூன்று நான்கு மாத்திரை, ஒரு காகித உறையில். காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று வாயால் சொல்லிவிடுவார்கள். பெயர் இருக்காது, எத்தனை மி.கி. என்று இருக்காது, காலாவதித் தேதியும் அட்டையின் மறு மூலையோடு கடையிலேயே தங்கிவிடும். சில செட்டுகளில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் (டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் வகை) கூடவே வரும். "அந்தக் கடையில வாங்கினா ஒரே வேளையில கேக்கும்" என்ற பேருக்குப் பல நேரம் அதுதான் காரணம். ஸ்டீராய்டு போட்டால் வலி, வீக்கம், அசதி எல்லாம் மளமளவென்று அடங்கும். சர்க்கரைக்காரருக்கு அதே வேகத்தில் சர்க்கரை ஏறும், உள்ளே இருக்கும் தொற்று வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

அப்புறம் செட்டில் வரும் அந்த ஆன்டிபயாடிக். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும். அசித்ரோமைசின் மூன்று நாள் போட்டதால் சரியாயிற்று என்று நாம் நினைப்பது, பெரும்பாலும் போடாமலே சரியாகியிருக்கக்கூடியது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தப்பு, வைரஸ் சளியும் நான்கைந்து நாளில் நிறம் மாறும்.

ஆக, ஒரு மாத்திரை போதுமென்றாலும் பெயரும் தேதியும் இருக்கிற பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். முழு அட்டை வாங்கினால் இன்னும் நல்லது. அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தியாவில் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மருந்துகள் இவைதான் என்று தனியாக ஒரு சட்டப் பட்டியல் கிடையாது. அதனால் "கடையில் கொடுத்தார்கள், அப்போது ஆபத்தில்லாததுதானே" என்ற நினைப்பு இங்கே செல்லாது.

2. இது சளியா, அலர்ஜியா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து வாங்கினால் பாதி வீண். விடிகாலையில் எழுந்ததும் எட்டுப் பத்துத் தும்மல் வரிசையாக வருகிறது, மூக்கும் கண்ணும் அண்ணமும் அரிக்கிறது, மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, வெள்ளை அடித்தாலோ பரணைச் சுத்தம் செய்தாலோ கூடுகிறது என்றால் அது அலர்ஜி. வீட்டுத் தூசியிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான் எச்சம், பூஞ்சை, ஊருக்கு வெளியே பார்த்தீனியம், சீமைக் கருவேலம் என்று காரணங்கள் ஏராளம். தொண்டை கரகரத்து, உடம்பு வலித்து, லேசாகக் காய்ந்து, இரண்டு மூன்று நாளில் மூக்கடைத்து, அப்புறம் இருமலாக மாறுவது சளி.

அலர்ஜிக்கு ஒரு ஆன்டிஹிஸ்டமின், அதாவது தும்மலையும் அரிப்பையும் அடக்கும் மாத்திரை, மட்டும் போதும். காய்ச்சலே இல்லாதவர் பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தும்மல் நிற்கிறது என்பார். நிறுத்துவது அதில் இருக்கும் 2 மி.கி. குளோர்ஃபெனிரமின், மீதியெல்லாம் ஈரலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சும்மா கொடுக்கும் வேலை.

3. அட்டையின் பின்பக்கம்

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதை மறந்துவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" என்று தொடங்கும் பகுதிதான் மருந்து. கண் தெரியவில்லையென்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நானே இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கூட்டு சளி மாத்திரைகளை எடுத்துப் பார்த்தால் உள்ளே திரும்பத் திரும்ப இதே ஆட்கள்தான்: காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், தும்மலுக்கும் ஒழுகலுக்கும் குளோர்ஃபெனிரமின் அல்லது டைஃபென்ஹைட்ரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், சிலவற்றில் தூக்கக் கலக்கத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் காஃபின். பெயர் இருபது இருக்கும், சரக்கு ஒன்றுதான். இரண்டு பிராண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டு மருந்து போட்டதாக அர்த்தமில்லை, ஒரே மருந்தை இரண்டு மடங்கு போட்டதாக அர்த்தம்.

இதில் ஃபினைலெஃப்ரின் பற்றி ஒரு வார்த்தை. வாய்வழி மாத்திரையாகப் போட்டால் இது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் அந்த அமைப்பே இதை அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்க முன்மொழிந்தது. குடலும் ஈரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால் மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். நம் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

4. பாராசிட்டமால் கணக்கு

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இது கணக்கு.

ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்துக்குள் உச்சவரம்பு 4000 மி.கி. அது கடைசிக் கோடு, இலக்கு கிடையாது. வீட்டில் தானாகப் போட்டுக்கொள்ளும்போது 3000-க்குள் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஒல்லியான உடம்பு (50 கிலோவுக்குக் கீழே), தினமும் குடிக்கிறவர், ஈரல் கோளாறு உள்ளவர், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்றால் அதற்கும் கீழே, டாக்டரிடம் கேட்டுத்தான். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

இப்போது ஒரு சாதாரண வீடு. காய்ச்சல் என்று 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை: 2600. மூக்கு ஒழுகுகிறதே என்று கூட்டு சளி மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 500: 1500. கூட்டினால் 4100. கோட்டைத் தாண்டியாயிற்று, அந்த மனிதர் "ரெண்டே ரெண்டு வகை மாத்திரைதானே போட்டேன்" என்று சொல்வார். இதோடு எலும்பு டாக்டர் முதுகு வலிக்கு எழுதிக்கொடுத்த அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரை இருந்தால் அதிலும் ஒன்றுக்கு 325. பெட்டிக்கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் இதே பாராசிட்டமால் உண்டு.

அளவு மீறினால் அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், அல்லது ஒன்றுமே இல்லை. ஈரல் அடிபட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அப்போது மஞ்சள் காமாலையாக வந்து நிற்கும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர், முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆகவே கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று உட்கார்ந்திருக்காமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. காய்ச்சல் டெங்குவாக இருக்க வாய்ப்புள்ள ஐப்பசி, கார்த்திகையில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடாதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. இதய டாக்டர் எழுதித் தினமும் போடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, காய்ச்சல் என்று அவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டதும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் என்று வந்தால் அதுதான் ஆபத்தான கட்டம், குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

5. தும்மல் மாத்திரை: தூங்க வைப்பதும் வைக்காததும்

பழைய வகை: குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், அவில் என்று நாம் சொல்லும் ஃபெனிரமின். இவை மூளைக்குள் போகும். தூக்கம் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை, தூக்கம் வராதது போல இருக்கும்போதே கையும் கண்ணும் மெதுவாகிவிடும். ராத்திரி போட்டது காலையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். டூவீலரோ லாரியோ ஓட்டுகிறவர், மெஷினில் வேலை பார்க்கிறவர், சாரம் ஏறுகிற கொத்தனார், பெயின்ட்டர் இதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

புது வகை: செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5 மி.கி., லோரட்டடின் 10 மி.கி., ஃபெக்ஸோஃபெனடின் 120 அல்லது 180 மி.கி. பெரியவர்களுக்கு நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான். காலையில் போட்டும் நிற்கவில்லையே என்று சாயங்காலம் இன்னொன்று போடுவது பயன் தராது. செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்கு நன்றாகவே தூக்கம் தரும், அதனால் முதல் தடவை ராத்திரியில் போட்டுப் பாருங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு இவற்றின் அளவைக் குறைக்கவேண்டும். தூக்கம் மிகக் குறைவு ஃபெக்ஸோஃபெனடினில், ஆனால் அதை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் பாதி உடம்பில் சேராது, வெறும் தண்ணீர்தான் சரி. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் டானிக்கும் அதோடு ஒத்துவராது, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் மிட்டாய் மாதிரி ஓடுகிறது. அது டாக்டர் பார்த்து எழுதவேண்டியது. மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று 2020-இல் அமெரிக்காவில் அதன் உறையில் கடும் எச்சரிக்கையே போடவைத்தார்கள்.

பழைய வகைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதில் நான் சொந்தமாக அடிபட்டவன். என் அப்பாவுக்கு அப்போது அறுபத்தெட்டு, புரோஸ்டேட் வீக்கம் உண்டு, ராத்திரியில் நாலு தடவை எழுவார். சளி என்றார், நானே கையால் ஒரு கூட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், மறுநாளும் கொடுத்தேன். இரண்டாம் ராத்திரி சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது, அடிவயிறு கல் மாதிரி, மனிதர் துடிக்கிறார். மருத்துவமனையில் குழாய் போட்டு எடுத்தபிறகு டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா?" மருந்துக் கடைக்காரன் வீட்டிலேயே இந்த லட்சணம். குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்கும், ஃபினைலெஃப்ரின் வாசலை இறுக்கும், வீங்கிய புரோஸ்டேட்டுக்கு இரண்டும் சேர்ந்து போதும்.

ஆகவே வயதானவர்களுக்குப் பழைய வகை வேண்டாம். புரோஸ்டேட் மட்டுமில்லை, கண் அழுத்த நோய், மலச்சிக்கல், மறதி உள்ளவர்களுக்கும் தொந்தரவு. சளி மாத்திரை போட்டதிலிருந்து பாட்டி சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் முதலில் அந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள்.

6. மூக்கடைப்பும் இருமலும்

சொட்டு விட்டதும் மூக்கு பளிச்சென்று திறக்கிறதே, அந்தச் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் மட்டும் விடுங்கள். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும், மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. சட்டைப் பையில் பேனா மாதிரி சொட்டு பாட்டிலை வைத்துக்கொண்டு அலைகிறவர்களை எனக்குத் தெரியும், சிலருக்கு அது வருடக்கணக்கு. மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் முதலில் நிறுத்திப் பாருங்கள், ஒரு வாரம் படுத்தும், அப்புறம் திறக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்து இந்த வாரத்தைச் சுலபமாக்குவார். வெறும் உப்புநீர்ச் சொட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, கைக்குழந்தைக்கும் விடலாம்.

இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு அதிகம் உள்ளவர்கள் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளைத் தவிர்க்கவேண்டும்.

இருமல் மருந்தில் வறட்டு இருமலை அடக்குவது வேறு, சளியை இளக்குவது வேறு. அடக்கும் வகையில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்காமல் வாங்காதீர்கள். இளக்கும் வகையில் இருக்கும் புரோம்ஹெக்ஸின், அம்ப்ராக்ஸால் இரண்டுக்கும் மூலம் நம் வேலியோர ஆடாதொடைதான், அதிலுள்ள வேதிப்பொருளை வைத்து உருவாக்கியவை. ஒரு வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் பல சிரப்புகளுக்குச் சளைத்ததில்லை. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போடுகிறவர்களுக்கு வரும் விடாத வறட்டு இருமல் அந்த மாத்திரையாலேயே வரலாம், சிரப் வாங்குவதற்குப் பதில் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், செலவு கிடையாது.

7. குழந்தைகள்

2025 அக்டோபரை மறந்திருக்கமாட்டீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசம் சிந்த்வாராக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபதுக்கும் மேல். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த பாட்டிலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. தித்திப்பாக இருக்கும், மணத்தாலும் நிறத்தாலும் கண்டுபிடிக்க முடியாது, எந்தத் தாயும் வீட்டில் சோதிக்க முடியாது. அப்போது மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் சொன்னது: இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று உறையில் அச்சிட உத்தரவு வந்துவிட்டது. கலப்படமே இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் சின்னக் குழந்தைக்குப் பலன் இல்லை, பக்கவிளைவு உண்டு. உப்புநீர்ச் சொட்டு, வெதுவெதுப்பான நீராகாரம், ஓய்வு, இதுதான் மருந்து.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் வயதைப் பார்த்து அளக்காமல் எடையைப் பார்த்து அளக்கவேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி., நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பெரிய குழப்பம். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப்பில் ஒன்றில் 5 மி.லி.க்கு 120, இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250. பத்துக் கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தென்றால் 1 முதல் 1.5 மி.லி., 120 சிரப் என்றால் 5 மி.லி., 250 சிரப் என்றால் 2 முதல் 3 மி.லி. பக்கத்து வீட்டு அக்கா "அஞ்சு மில்லி குடு" என்று சொன்னதைக் கேட்டு ஐந்து மி.லி. சொட்டு மருந்தைக் கொடுத்தால் 500 மி.கி., பெரிய ஆள் மாத்திரை. பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளங்கள், சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமும் இல்லை, கடை மருந்தும் இல்லை, நேராக டாக்டர். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. நிமெசுலைடு பன்னிரண்டு வயதுக்குக் கீழே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி மார்பில் தேய்க்கும் பழக்கம் இரண்டு வயதுக்குள் வேண்டாம், மூக்கருகே யாருக்குமே வேண்டாம், வாய்க்குள் போனால் வலிப்பு வரும். கொதிக்கும் பாத்திரத்தை நடுவில் வைத்துக் குழந்தைக்குப் போர்வை போர்த்தி ஆவி பிடிக்கவைப்பதில் சளி போகிறதோ இல்லையோ, பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன தொடைகள் நிஜம்.

8. கவுண்ட்டரில் என்ன சொல்லவேண்டும்

"சளிக்கு மாத்திரை" என்று மட்டும் சொல்லாமல் யாருக்கு, என்ன வயது, பிரஷர், சுகர், புரோஸ்டேட், கிட்னி, கர்ப்பம், பால் கொடுப்பது ஏதாவது உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று சொல்லுங்கள். வீட்டு மாத்திரைகளின் பின்பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தால் வேலை சுலபம். கர்ப்பிணிகள் எதுவானாலும் டாக்டரைக் கேட்டபிறகுதான். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மருந்தாளுநர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள், கல்லாவில் இருக்கிறவர் எல்லோரும் படித்தவர்கள் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும், போட்ட நேரத்தையும் அளவையும் காலண்டர் தாளில் எழுதுங்கள். அம்மா ஒரு தடவை, தெரியாமல் மருமகள் ஒரு தடவை என்று கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

9. எப்போது மாத்திரையை வைத்துவிட்டு ஓடவேண்டும்

மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலமாகிறது, கழுத்து விறைக்கிறது, குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கிறது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டுகிறது, அல்லது சளி குறைந்து மறுபடி காய்ச்சலோடு திரும்புகிறது: இதில் எது இருந்தாலும் டாக்டர்.

குளவி கொட்டியோ, இறால் சாப்பிட்டோ, புது மாத்திரை போட்டோ சில நிமிடங்களில் உதடு, நாக்கு வீங்கி, குரல் மாறி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அவில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள், ஆளைப் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள்.

மாத்திரையால் ஏதாவது விபரீதம் வந்தது என்று தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் சொல்லலாம், மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது. கேட்கும்போது மருந்தின் பெயர், தயாரிப்பு எண், தேதி எல்லாம் வேண்டும், அதனால் மாத்திரை தீர்ந்தாலும் காய்ச்சல் விடும்வரை அட்டையைக் குப்பையில் போடாதீர்கள்.